குதிரை பூட்டாத தேர்: ஹென்றி ஃபோர்டின் வாழ்க்கை

பத்தாம் ஆண்டு மலருக்கு ஒருவர் வாழ்க்கையை எழுதித் தருமாறு வட்டத்தார் பணித்தபோது, நான் ஹென்றி ஃபோர்டின் பெயரைச் சொன்னேன். கவிஞர்கள் கூடும் மன்றத்தில் கார் செய்தவருக்கு என்ன இடம் என்று நண்பர்கள் சிலர் நகைத்தனர். தில்லையின் நான்கு தேர்வீதிகளையும் சுற்றி வளர்ந்தவர்களுக்கு வண்டி செய்தவனின் கதை அயலானதன்று என்பது என் எண்ணம். வேறொரு காரணமும் உண்டு. அவர் காரை மட்டும் செய்யவில்லை, பத்திரிகையும் நடத்தினார். அச்சுமையோடு உறவுடைய நாம் அந்தப் பகுதியைத் தவறாமல் அறிந்துகொள்ள வேண்டும். அதனை உரிய இடத்தில் சொல்வேன்.

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து டியர்பார்ன் அருகே, ஒரு பண்ணை வீட்டில் 1863 ஜூலை 30 அன்று ஹென்றி பிறந்தார். தந்தை வில்லியம், அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர். காடு திருத்தி நிலம் கண்டவர். மகனுக்கோ ஏரும் பிடிக்கவில்லை, பால்மாடும் பிடிக்கவில்லை. வயலில் மனிதன் படும் பாட்டில் பெரும்பகுதி வீண்பாடு என்று இளமையிலேயே அவர் மனத்தில் பதிந்துவிட்டது. கைக்குக் கிடைத்த கடிகாரங்களையெல்லாம் பிரித்துப் பூட்டிப் பழகினார். 1876 ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இருமுறை முத்திரை குத்தியது. அவ்வாண்டில் தாய் மேரி மறைந்தார். அப்போது சிறுவனுக்கு வயது 12. அதே ஆண்டில், தந்தையோடு டெட்ராய்ட் நகருக்குச் செல்லும் வழியில், குதிரை பூட்டாமல் தானே சாலையில் ஊர்ந்துவந்த ஒரு நீராவி எந்திரத்தைக் கண்டார். வண்டி நிற்பதற்குள் கீழே குதித்து ஓடி, அதனை ஓட்டியவரைக் கேள்விகளால் துளைத்தெடுத்தாராம். அந்தக் காட்சியை முதுமை வரை அவர் மறக்கவில்லை.

16 வயதில் டெட்ராய்ட் நகருக்கு நடந்தே சென்று பட்டறைகளில் வேலை பழகினார்; இரவில் நகைக்கடையொன்றில் கடிகாரம் பழுது பார்த்தார். மகனை மண்ணில் நிறுத்திவிடலாம் என்ற ஆசையில் தந்தை 80 ஏக்கர் நிலம் தந்தார். ஹென்றி அந்த நிலத்து மரங்களை அறுத்து விற்றார். 1888 இல் கிளாரா பிரயன்ட் என்னும் பெண்ணை மணந்தார். 1891 இல் மீண்டும் நகரம் ஏகி, எடிசன் பெயரால் இயங்கிய மின்விளக்கு நிறுவனத்தில் பொறியாளராக அமர்ந்தார். 1893 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஏழு வாரக் குழந்தை எட்ஸல் அடுத்த அறையில் உறங்க, சமையலறைத் தொட்டியில் ஓர் எந்திரத்தைப் பொருத்தி, மனைவியைச் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் விடச் சொல்லி ஓட்டிப் பார்த்தார். எந்திரம் இருமியது, பிறகு ஓடியது. கணவனின் பித்தைப் பொறுத்துக்கொண்டதோடன்றி அதில் பங்கும் கொண்ட கிளாராவைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். அது நியாயமன்று.

1896 ஜூன் 4, விடியற்காலம். நான்கு சைக்கிள் சக்கரங்களின் மேல் அமர்ந்த அவருடைய முதல் வண்டி கொட்டகைக்குள் தயாராக நின்றது. அப்போதுதான் தெரிந்தது, வாசல் வண்டியைவிடக் குறுகலானது என்று! கோடரி எடுத்துச் செங்கற்சுவரை இடித்து வண்டியை வெளியே கொண்டுவந்தார். கவிதை எழுதி முடித்தபின் தலைப்புத் தேடும் நம் நண்பர்களுக்கு இந்தச் செய்தி ஆறுதலாக இருக்கலாம்.

வெற்றி உடனே வந்துவிடவில்லை. 1899 இல் தொடங்கிய முதல் நிறுவனம் 1901 இல் கலைந்தது. இரண்டாவது அவர் பெயரையே தாங்கியிருந்தும், பங்குதாரரோடு பிணங்கி 1902 இல் வெளியேறினார். அதுவே பின்னாளில் காடிலாக் ஆயிற்று. மூன்றாவதாக 1903 ஜூன் 16 அன்று, 28,000 டாலர் ரொக்கத்தோடு பிறந்ததுதான் ஃபோர்டு மோட்டார் கம்பெனி. வங்கிக் கணக்கில் இருநூற்றுச் சொச்சம் டாலரே எஞ்சியிருந்தபோது சிகாகோ பல் மருத்துவர் ஒருவர் முதல் காருக்குப் பணம் அனுப்பினார். வயது நாற்பதைத் தொட்டவர் மூச்சு விட்டார்.

1908 இல் வெளிவந்தது மாடல் டி. அதனை வைத்திருந்தவர்களின் அனுபவத்தைச் சொல்லாமல் ஃபோர்டின் வாழ்க்கையைச் சொல்ல இயலாது. அது பணக்காரரின் அலங்கார வண்டியன்று. சேற்றுச் சாலைக்கென்றே செய்யப்பட்டது. தரையிலிருந்து உயர்ந்து நிற்கும்; எடை குறைவு; வனேடியம் கலந்த எஃகினால் ஆன உறுதியான பாகங்கள். ஆயின் அதனைப் பழக்குவது முரட்டுக் காளையைப் பழக்குவது போன்றது. முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றினால்தான் எந்திரம் கிளம்பும். தருணம் தவறினால் கைப்பிடி திருப்பியடித்து மணிக்கட்டை முறிக்கும். குளிர்காலத்தில் கிளம்பிய வண்டி, கிளப்பியவர் மீதே மெல்ல ஊர்ந்து ஏறவரும். காலடியில் மூன்று மிதிகட்டைகள்: ஒன்று வேக மாற்றத்துக்கு, நடுவிலிருப்பது பின்னோக்கிச் செல்ல, மற்றொன்று தடைக்கு. விசை கூட்டக் கையால் ஒரு நெம்புகோல். எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்றறிய இருக்கையைத் தூக்கிக் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்ததால், எண்ணெய் குறைந்த வேளையில் செங்குத்தான மேட்டில் ஏறும்போது அது எந்திரத்துக்கு இறங்காது. ஆகவே வண்டியைத் திருப்பிக்கொண்டு பின்புறமாகவே மேடேறினார்கள்! இத்தனை தொல்லைக்கும் ஈடாக, உழவர் வீட்டில் அது ஒரு வேலையாளாக நின்றது. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திப் பட்டை மாட்டி மரம் அறுத்தார்கள், நீர் இறைத்தார்கள். தந்தையின் பண்ணையில் சிறுவன் வெறுத்த பாட்டுக்கு அவன் சொன்ன மறுமொழி அதுதான். தொடக்கத்தில் 850 டாலராக இருந்த விலை, 1925 வாக்கில் 260 டாலருக்கு இறங்கிற்று.

நம் நாட்டுக்கு வந்த ஃபோர்டு வண்டிகள் கனடா வழியாக வந்தவை. பிரிட்டனையும் அயர்லாந்தையும் நீக்கிய பிரிட்டிஷ் பேரரசின் விற்பனை உரிமை கனடா நாட்டு ஃபோர்டு நிறுவனத்திடம் இருந்தது. 1926 இல் அதன் துணை நிறுவனம் இந்தியாவில் அமைந்து, சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய துறைமுக நகரங்களில் கால் ஊன்றியது. மஞ்சக்குப்பத்தில் புறப்பட்டுக் கெடிலத்தையும் வெள்ளாற்றையும் தாண்டிச் சிதம்பரம் சேரும் நம் சாலையில், ஒருகாலத்தில் ஃபோர்டும் செவர்லேயும் மூக்கு நீண்ட பஸ்களாக ஓடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். முன்னால் நின்று ஹாண்டில் போடும் கிளீனர் பையனின் தோள்வலியையும், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிட்டாமல் முதுகில் கரியடுப்பைச் சுமந்து ஓடிய பஸ்ஸிலிருந்து இறங்கித் தள்ளிய கதையையும் அவர்கள் சுவையாகச் சொல்வார்கள். 1950-களில் அந்த நிறுவனம் இந்தியாவை விட்டு நீங்கியது. 1995 இல் திரும்பிவந்து மறைமலைநகரில் ஆலை கண்டது. 2021 இல் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்து, 2022 ஜூலையில் அங்கே கடைசிக் காரை முடித்தது. கடலூரிலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் அந்த ஆலையின் வழியேதான் போகிறோம்.

இனி 1913 க்கு வருவோம். டெட்ராய்ட் அருகே ஹைலண்ட் பார்க் ஆலையில் அவ்வாண்டு நடந்த ஒரு சோதனையைப் படித்தபோது எனக்கு ஆனித் திருமஞ்சனத் தேர்தான் நினைவுக்கு வந்தது. காரின் அடிச்சட்டத்தில் கயிற்றைக் கட்டி உருளைப்பொறியால் இழுத்தார்கள். அது 250 அடி தூரம் மெல்ல நகர்ந்தது. வழிநெடுகப் பாகங்கள் வைக்கப்பட்டிருந்தன. ஆறு பேர் கூடவே நடந்து அவற்றைப் பொருத்தினர். 12 மணி 28 நிமிடம் பிடித்த வேலை 5 மணி 50 நிமிடத்தில் முடிந்தது. பிறகு கயிறு போய்ச் சங்கிலி வந்தது. ஆட்கள் நடப்பது போய் நிற்பது வந்தது. 1914 இல் ஒரு கார் 1 மணி 33 நிமிடத்தில் உருவாயிற்று. நம் தேரில் ஆயிரம் கைகள் வடம் பிடித்து, அத்தனை பேரும் சேர்ந்து ஒன்றை நகர்த்துகிறார்கள். அங்கே ஒருவன் நாள் முழுதும் ஒரே திருகாணியைத் திருகிக்கொண்டு நிற்க, தேர் அவனைக் கடந்து போகிறது. தன் கையால் நிகழ்ந்தது இன்னதென்று அவன் முழுதாகக் காண்பதில்லை.

தொழிலாளர் இதனைத் தாங்கவில்லை. ஏறத்தாழ 14,000 பேர் கொண்ட ஆலையை நிரப்ப அந்த ஓராண்டில் 52,000 பேரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பேர் ஓடிப்போயினர். 1914 ஜனவரி 5 அன்று ஃபோர்டு எட்டு மணி நேரத்துக்கு 5 டாலர் கூலி அறிவித்தார். அது முன்னைய கூலியைப் போல் இருமடங்கு. உறைபனியில் ஆயிரக்கணக்கானோர் ஆலை வாயிலில் திரண்டனர். கூட்டத்தைக் கலைக்கத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். கூலியை முழுதாகப் பெற வேண்டுமானால் குடியற்ற, ஒழுங்கான வாழ்க்கை வாழ வேண்டும். ஆலையின் ஆய்வாளர்கள் வீட்டுக்கே வந்து விசாரித்தனர். வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர் ஆங்கிலப் பள்ளியில் படித்தாக வேண்டும். பள்ளி முடிந்ததும் ஒரு விழா நடக்கும். மேடையில் பெரியதொரு கொப்பரை. தாய்நாட்டு உடையில் அதற்குள் இறங்குவார்கள். அமெரிக்க உடையில் கொடியோடு வெளியே வருவார்கள். தாய்மொழி கொப்பரைக்குள்ளேயே தங்கிவிட வேண்டும் போலும்! அந்த ஊதியம் பல குடும்பங்களை வாழவைத்தது உண்மை. ஆயினும் இந்தக் கொப்பரையை எண்ணும்போது எனக்கு மனம் கூசுகிறது.

1915 டிசம்பரில், ஐரோப்பியப் போரை நிறுத்தப் போவதாகச் சொல்லி, ஒரு கப்பலைப் பிடித்துக்கொண்டு அட்லாண்டிக் கடந்தார். ஊர் சிரித்தது. நார்வேயில் நோயுற்றுத் திரும்பினார். சமாதானத்துக்குக் கப்பல் ஏறிய அதே மனிதர்தான் அடுத்து நான் சொல்லப்போவதையும் செய்தார்.

டியர்பார்ன் இண்டிபெண்டன்ட் என்ற வார இதழை அவர் 1918 இல் விலைக்கு வாங்கினார். 1920 மே மாதம் முதல் அவ்விதழ் யூத இனத்தார் மீது தொடர்ந்து நஞ்சைக் கக்கியது. 91 இதழ்கள்! உலகின் கேடு அனைத்துக்கும் அவர்களே காரணம் என்ற பொய், வாரந்தோறும் கோத்துக் கோத்து அச்சேறியது. கார் விற்கும் முகவர்கள் காரோடு சேர்த்து இதழுக்கும் சந்தா பிடிக்க வற்புறுத்தப்பட்டனர். கட்டுரைகள் நூல்களாகத் தொகுக்கப்பட்டு ஜெர்மன் மொழிக்கும் சென்றன; அங்கே அவற்றைப் போற்றிப் படித்தவர்களில் ஹிட்லரும் ஒருவர். அவதூறு வழக்கொன்றில் சிக்கிய ஃபோர்டு 1927 ஜூலையில் மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டு இறுதியில் இதழ் நின்றது. ஆனால் 1938 இல், தம் 75 ஆம் பிறந்தநாளில், நாஜி அரசு தந்த விருதை மறுக்காமல் அணிந்துகொண்டார். கட்டுரைகளை எழுதியவர்கள் அவருடைய ஆட்கள், அவர் கைப்பட எழுதவில்லை என்று வாதிடுவோர் உண்டு. நான் அதனை ஏற்கவில்லை. அச்சகம் அவருடையது, பணம் அவருடையது, பெயரும் அவருடையது. கார்கள் துருப்பிடித்துப் போயின. அந்தப் பக்கங்களோ இன்றும் யாரோ ஒருவர் கையில் மறுபதிப்பாகிக்கொண்டிருக்கின்றன.

அதே 1927 மே மாதத்தில், 1,50,00,000 வண்டிகளைக் கண்ட மாடல் டி நிறுத்தப்பட்டது. செவர்லே முந்திக்கொண்டிருந்தது, மக்கள் நிறமும் சொகுசும் கேட்டனர், கிழவர் பிடிவாதம் பிடித்துத் தோற்றார். அவ்வாண்டு செப்டம்பரில் காந்தியடிகள் கதருக்கு நிதி திரட்டிக்கொண்டு கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வந்தார். தொடர்பற்ற இரு செய்திகள்தாம். என்றாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

பின்னைய ஆண்டுகள் இருண்டவை. 1932 மார்ச் 7 அன்று, வேலையிழந்தோர் ஊர்வலமாக ரூஜ் ஆலைக்கு வந்தபோது துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். காயமுற்ற இன்னொருவரும் பின்னர் இறந்தார். 1937 இல் சங்கம் அமைக்க வந்தவர்களை ஆலையின் அடியாட்கள் அடித்து நொறுக்கினர். 1941 இல்தான் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் கண்டார். ஒரே மகன் எட்ஸல், பெயருக்குத் தலைவராக இருந்து, தந்தையால் பலர் முன் பன்முறை சிறுமைப்பட்டு, 1943 இல் 49 வயதில் புற்றுநோய்க்கு இரையானார்.

தம் காரால் எந்தப் பழைய உலகம் அழிந்ததோ அதனையே அவர் முதுமையில் சேகரிக்கத் தொடங்கியது விந்தை. டியர்பார்னில் கிரீன்ஃபீல்டு கிராமம் என்ற ஒன்றை எழுப்பி, எடிசனின் ஆய்வுக்கூடம், ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடை, கருமான் பட்டறை, பள்ளிக்கூடம் எனப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார். தாம் வெறுத்து ஓடிய பண்ணை வீட்டையும், தாயின் காலத்தில் இருந்தது போலவே, அங்கே கொணர்ந்து வைத்தார். 1941 இல் காந்தியடிகளைப் போற்றி ஒரு மடல் எழுதி, டி.ஏ. ராமன் என்ற பத்திரிகையாளர் வழியாக அனுப்பினார். காந்தியடிகள் தம் கையொப்பமிட்ட இராட்டையொன்றை மறுமொழியாக அனுப்பிவைத்தார். கோடிக்கணக்கான சக்கரங்களைச் சுழலவிட்டவர் அந்த ஒற்றைச் சக்கரத்தை நற்பேறு தரும் பொருளாகப் பேணினார்.

1947 ஏப்ரல் 7 அன்று ரூஜ் ஆற்றில் வெள்ளம். அவருடைய மாளிகைக்கு மின்சாரம் தந்த நிலையம் நீரில் மூழ்கிச் செயலிழந்தது. பகலில் வெள்ளச் சேதத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த 83 வயது முதியவர், எண்ணெய் விளக்கும் மெழுகுவத்தியும் எரிந்த அறையில், கிளாரா அருகிருக்க, நள்ளிரவுக்குச் சற்று முன் உயிர் நீத்தார். தொலைபேசியும் இயங்கவில்லை. மருத்துவரை அழைக்கக் காரோட்டி இருளில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.