வேகவதிக்குத் தென்கரையில்... சொந்த ஊரின் சின்னக் கோயில்களைப் பாடிய தூப்புல் கவிஞர்!

நீங்கள் ஏனாத்தூர் பல்கலைக்கழகத்தில் படிப்பவரா? அப்படியென்றால் காஞ்சிபுரம் உங்களுக்கு அத்துப்படி. வெளியூர் ஃப்ரெண்ட்ஸ் வந்தால் எங்கே கூட்டிப்போவீங்க? ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், வரதராஜர், அப்படியே ஒரு பட்டுக்கடை. அவ்வளவுதானே?

சுமார் 700 வருஷத்துக்கு முன்னால், இதே ஊர்க்காரர் ஒருவர் இந்த லிஸ்ட்டில் இல்லாத இடங்களையும் தேடிப்போய்ப் பாடினார். பெற்றோர் வைத்த பேர் வேங்கடநாதன். நமக்குத் தெரிந்த பேர், வேதாந்த தேசிகர்.

1268-ல் காஞ்சியின் தூப்புலில் பிறந்தவர். தர்ப்பைப் புல் வளர்ந்த இடம் என்பதால் அந்தப் பேர் என்பார்கள். ஐந்து வயதில் தாய்மாமன் அப்புள்ளாரோடு வரதராஜர் கோயிலுக்குப் போனாராம். அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த நடாதூர் அம்மாள், பேச்சை எங்கே விட்டோம் என்று தடுமாற, விட்ட இடத்தை எடுத்துக்கொடுத்தது இந்தப் பொடியன்தான் என்று வைணவர்கள் இன்றும் சொல்வார்கள்.

வளர்ந்து பெரிய தத்துவ ஆசிரியர் ஆனார். சம்ஸ்கிருதம், தமிழ், பிராகிருதம் என மூன்றிலும் எழுதினார். வரதராஜருக்கு ஐம்பது செய்யுள் பாடினார். அது யாரும் எதிர்பார்க்கிறதுதான். ஆனா, தன் வீட்டுப் பக்கத்திலிருந்த சின்ன விளக்கொளிப் பெருமாள் கோயிலுக்கும் ஐம்பதுக்கு மேல் பாடினார், பாருங்க... அங்கதான் அவர் நிற்கிறார்! பெரிய கோயிலுக்குக் கொடுத்த அதே உழைப்பைப் பக்கத்துத் தெருவுக்கும் கொடுத்தார்.

இன்னும் இருக்கு. அட்டபுயகரத்தின் எட்டுக் கைப் பெருமாளுக்கு ஒன்று, வேகவதி வெள்ளத்தைக் குறுக்கே படுத்துத் தடுத்ததாகச் சொல்லப்படும் திருவெஃகா பெருமாளுக்கு ஒன்று, ஊருக்கு மேற்கே திருப்புட்குழிக்கு ஒன்று. வேளுக்கை நரசிம்மரைப் பாடும்போது எடுத்த எடுப்பிலேயே லொகேஷன் ஷேர் பண்ணிடுறார்: வேகவதி ஆற்றுக்குத் தெற்கே! அதையே வேதத்தின் வடபகுதியான உபநிடதங்களோடு கோத்து, வடக்கு தெற்கு என்று ஒரு சொல் விளையாட்டும் ஆடுகிறார். ஒரு ஆற்றங்கரை விலாசம், கவிதையாகிவிட்டது.

வாழ்க்கை அவரை ஊரிலேயே இருக்கவிடவில்லை. திருவஹீந்திரபுரம், திருவரங்கம் என்று போனார். 1323 வாக்கில் டெல்லி சுல்தானின் படை திருவரங்கத்தைச் சூறையாடியது. ஓர் அரிய சுவடியைக் காப்பாற்றிக்கொண்டு தப்பி, கர்நாடகத்தின் சத்தியகாலத்தில் வருஷக்கணக்கில் தங்கினார் என்கிறது மரபு. விஜயநகர அரசவைக்கு வித்யாரண்யர் அழைத்தும் போகவில்லையாம். வீடு வீடாக அரிசி வாங்கி வாழ்ந்த மனிதர் அவர். 1369-ல் திருவரங்கத்தில் மறைந்தார். ஆனாலும் உலகம் அவரை இன்றும் 'தூப்புல்' பிள்ளை என்றே அழைக்கிறது.

ஒரு நாளில் ஒரு கோயில் நகரமே கலைந்துபோவதைப் பார்த்தவர் அவர். உள்ளூர் இடங்களைப் பற்றி அவர் எழுதிவைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது புரியுதா? அவர் பாடிய வேகவதியில் இன்று பெரும்பாலும் சாக்கடைதான் ஓடுகிறது. பாலத்தில் பைக்கில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஆறு என்று தெரியும்? பாட்டில் மட்டும் அது இன்னும் ஆறாகவே ஓடுகிறது.

அடுத்த லீவு நாளில் தூப்புல், அட்டபுயகரம், வேளுக்கை மூன்றையும் நடந்தே பார்த்துட்டு வாங்க. எல்லாம் பக்கம் பக்கம்தான். அப்புறம், உங்க தெருவில் யாரும் நின்று பார்க்காத ஒரு குளமோ, தறிச் சத்தம் கேட்கும் ஒரு சந்தோ இருக்கும் இல்லையா? போன் நோட்ஸைத் திறந்து, முதல் வரியில் அது எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுதுங்க. தேசிகரும் வேளுக்கையில் அப்படித்தான் ஆரம்பித்தார்!