எப்.ஏ. தேறாத கணித மேதை

தேவாரத்துக்கு மேலே மலையில் விளையும் ஏலக்காயில் 12 காய்களை எண்ணி எடுங்கள். மீதியில்லாமல் எத்தனை பேருக்குச் சரிசமமாகப் பங்கிடலாம்? ஒருவரே வைத்துக்கொள்ளலாம். 2, 3, 4, 6 அல்லது 12 பேருக்கும் கொடுக்கலாம். ஆக 6 வழிகள். 12-க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் இத்தனை வழிகள் கிடையாது.

இத்தகைய எண்களை ஆராய்ந்து பட்டம் பெற்றவர், கணித மேதை ராமானுஜன்.

1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை ஜவுளிக்கடைக் குமாஸ்தா. பள்ளியில் பரிசுகள் வாங்கிய பிள்ளை, கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்கவில்லை. உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. சென்னைக்கு வந்து படித்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். மாதச் சம்பளம் 30 ரூபாய்.

1913 ஜனவரியில், தாம் கண்ட கணித முடிவுகளைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு எழுதி அனுப்பினார். அவற்றின் மதிப்பை ஹார்டி உணர்ந்தார். 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பல் ஏறினார்.

மறு ஆண்டே அவருடைய நீண்ட கட்டுரை வெளிவந்தது. லண்டன் கணிதச் சங்கத்துக்கு அப்போது பணமுடை. ஆகவே ஒரு பகுதியை மட்டுமே அச்சிட்டது. 12-ஐப் போன்ற நூற்றுக்கு மேற்பட்ட எண்களின் அட்டவணை அதில் இருந்தது. கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரம் கோடிக்கும் மேல்! அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 10,080. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இந்தப் பெருமை இல்லை.

அட்டவணையில் ஒரே ஓர் எண் விட்டுப்போயிற்று. அது 2,93,31,86,25,600. அதை 5,040 எண்கள் மீதியின்றி வகுக்கும். வேடிக்கை என்னவென்றால், விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண்ணே வந்துவிடும்! கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் போட்ட கணக்கு அது. ஒன்று தவறியதைவிட மற்றவை தவறாததே அதிசயம்.

இந்த ஆராய்ச்சிக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் அளித்தது. எப்.ஏ. தேறாதவர் பட்டதாரி ஆனார்! 1918-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவியும் தேடி வந்தது.

ஆனால் உடல்நலம் கெட்டது. 1919-ல் நோயாளியாகத் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32 தான்.

அன்று அச்சேறாமல் நின்ற பகுதி, விளக்கக் குறிப்புகளுடன் 1997-ல் கணித ஏடு ஒன்றில் வெளிவந்தது. அவர் மறைந்து அப்போது 77 ஆண்டுகள் ஆகியிருந்தன.