பாறையின் வளைவை விளக்கிய ரீட்

பாறையில் பிளவு உண்டாகும் என்று புவியியல் பாடத்தில் ஒரு வரி படித்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் பிளவு ஏன் திடீரென நகர்கிறது என்று விளக்கிய விஞ்ஞானியைப் பற்றி நான் சொல்லப் போகிறேன்.

அவர்தான் ஹாரி ஃபீல்டிங் ரீட். 1859-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் பிறந்தார். அதே ஊரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்து 1885-இல் டாக்டர் பட்டம் பெற்றார். முதலில் அவர் ஆராய்ந்தது நிலநடுக்கத்தை இல்லைங்க, பனியாறுகளை! அலாஸ்காவில் ஒரு பனியாற்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

1906 ஏப்ரல் 18, விடியற்காலை 5.12 மணி. சான் பிரான்சிஸ்கோ நகரம் குலுங்கியது. கூடவே தீயும் பிடித்தது. 3000 பேருக்கு மேல் இறந்தார்கள். சான் ஆன்ட்ரியாஸ் பிளவு 470 கிலோமீட்டர் நீளத்துக்கு நகர்ந்திருந்தது. நேராக இருந்த வேலிகள் இரண்டாக வெட்டியதுபோல் விலகி நின்றன. சில இடங்களில் விலகல் ஏறக்குறைய 6 மீட்டர்!

காரணம் ஆராயும் குழுவில் ரீடும் இருந்தார். 1850-களிலிருந்து எடுத்த நில அளவைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பிளவுக்குத் தூரத்தில் உள்ள நிலம் இரு பக்கமும் எதிரெதிர் திசையில் பல வருஷமாக மெதுவாக நகர்ந்து வந்திருக்கிறது. பிளவின் ஓரம் மட்டும் உராய்வினால் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால் நடுவில் பாறை வளைந்தது. தாங்க முடியாதபோது படார்னு விலகி நிமிர்ந்தது. பிளாஸ்டிக் ஸ்கேலை வளைச்சு விட்டா துள்ளுதே, அதே மாதிரிதான்! 1910-இல் வெளியான இந்த விளக்கத்துக்கு எலாஸ்டிக் ரீபவுண்ட் கோட்பாடு என்று பெயர். நிலநடுக்கத்தால்தான் பிளவு வருகிறது என்று அதுவரை பலர் நினைத்தார்கள். பிளவு நகர்வதால்தான் நிலநடுக்கம் வருகிறது என்று ரீட் காட்டினார்.

பாறை மீது வரும் விசை மூன்று வகை.

1. இழுத்தால் ஒரு பக்கம் கீழே சரியும். கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு இப்படி உண்டானது.
2. இருபுறமும் அமுக்கினால் ஒரு பக்கம் மேலே ஏறும். 2001-இல் குஜராத்தின் பூஜ் நிலநடுக்கம் இந்த வகை.
3. பக்கவாட்டில் எதிரெதிராகத் தள்ளினால் உரசிக்கொண்டு நகரும். சான் ஆன்ட்ரியாஸ் இந்த வகை.

ரீட் 1944-இல் காலமானார். நிலத்தைத் தள்ளுவது எது என்பதற்கு 1960-களில்தான் நிலத்தட்டுக் கொள்கை விடை தந்தது.

நிமிர்ந்த பாறை மறுபடி வளைய ஆரம்பிக்கும். மறுபடி எந்தத் தேதியில் நகரும் என்று இன்றும் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எந்த இடங்களில் ஆபத்து அதிகம் என்று தெரியும். அங்கே உறுதியான வீடும் பள்ளியும் கட்டினால் பல உயிர்கள் பிழைக்கும். அதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ரீட் என்பதை நாம் மறக்கக் கூடாது!