பதிவேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்: ஜாஷ் கிப்சன்

2024 மே மாத இறுதியில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகம் தன் பதிவேட்டைத் திருத்தியது. வாழ்நாள் சராசரியில் பல பத்தாண்டுகளாக முதலிடத்தில் இருந்த டை கோப் இரண்டாம் இடத்துக்கு இறங்கினார். அவருடைய .367-ஐக் கடந்து .372 என்ற எண்ணுடன் அங்கே ஏறிய பெயர் ஜாஷ் கிப்சன். அப்போது அவர் இறந்து 77 ஆண்டுகள் ஆகியிருந்தன. வெள்ளையர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆட அவர் அனுமதிக்கப்பட்டதில்லை.

பேஸ்பாலில் சராசரி என்பது கிரிக்கெட்டில் உள்ளதைப் போன்றதன்று. மட்டையெடுத்த தடவைகளில் எத்தனை முறை அடித்துவிட்டுப் பத்திரமாகத் தளம் சேர்ந்தார் என்பதே கணக்கு. ஆயிரத்துக்கு 300 எடுத்தாலே ஒருவரைச் சிறந்த ஆட்டக்காரர் என்பார்கள்.

கிப்சன் 1911 டிசம்பர் 21 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் புவெனா விஸ்டாவில் பிறந்தார். நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட தென்பகுதியை விட்டு அவர் தந்தை வடக்கே பிட்ஸ்பர்க் எஃகு ஆலைக்குக் கூலி வேலை தேடிச் சென்றார். குடும்பம் பின்தொடர்ந்தது. இளமையிலேயே படிப்பை விட்டு உழைக்கத் தொடங்கிய கிப்சன், 1930-இல் ஹோம்ஸ்டெட் கிரேஸ் என்ற கறுப்பின அணியில் சேர்ந்தார். அதே ஆண்டு அவருடைய இளம் மனைவி ஹெலன் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று உயிரிழந்தார். அப்போது கிப்சனுக்கு வயது 18. குழந்தைகளை ஹெலனின் பெற்றோர் வளர்த்தனர்.

கறுப்பினத்தவர் ஆடக்கூடாது என்று மேஜர் லீக் விதிநூலில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. 1880-களிலிருந்து அணி முதலாளிகள் தமக்குள் காத்துவந்த உடன்பாடு அது. எழுதப்படாததால் அதை எதிர்த்து வழக்காடவும் இயலவில்லை. கேட்டால், அப்படியொரு தடையே இல்லை என்று கைவிரிக்க முடிந்தது. இத்தகைய விதிகளின் வலிமை நம் வாசகர்களுக்குப் புதிதன்று.

ஆகவே கறுப்பின மக்கள் தமக்கென லீக்குகளை நடத்தினர். பேருந்திலேயே ஊர் ஊராகப் பயணம்; பல ஊர்களில் தங்க விடுதி கிடையாது, உணவகத்தில் இடம் கிடையாது. ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டங்கள் ஆட நேர்ந்ததும் உண்டு. பந்து வீசுபவருக்கு எதிரே குந்தியமர்ந்து பிடிக்கும் கேட்சர் பணி உடலை முறிப்பது. கிப்சன் அதையும் செய்துகொண்டே ஹோம் ரன்களைக் குவித்தார். அவரைக் கறுப்பு பேப் ரூத் என்று பத்திரிகைகள் அழைத்தன. ரூத்தைத்தான் வெள்ளை ஜாஷ் கிப்சன் என்று அழைக்க வேண்டும் என்றனர் அவர் ஆடிக் கண்டவர்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது.

வாஷிங்டனின் கிரிஃபித் மைதானத்தில் நடந்ததை மட்டும் பார்த்தாலே போதும். அங்கே வெள்ளையர் அணியான செனட்டர்ஸ் ஆடியது. அவர்கள் வெளியூர் சென்ற நாள்களில் வாடகை செலுத்தி கிரேஸ் ஆடியது. 1944-இல் செனட்டர்ஸ் தன் லீக்கின் எட்டு அணிகளில் கடைசி இடத்தில் முடிந்தது. அதே ஆண்டு கிரேஸ் தொடர்ந்து இரண்டாம் முறையாக நீக்ரோ உலகத் தொடரை வென்றது. கிப்சனும் அவருடைய அணித் தோழர் பக் லெனார்டும் மைதான உரிமையாளரின் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தனர். அவர் இருவரையும் ஒருமுறை அழைத்துப் பேசியதாக லெனார்ட் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். பேச்சு பேச்சோடு நின்றது. தோற்பதைத் தாங்கிக்கொண்டார், கறுப்பினத்தவரைச் சேர்க்க மட்டும் துணியவில்லை. வாடகைப் பணம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

1943-இன் தொடக்கத்தில் கிப்சன் நினைவிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூளையில் கட்டி இருப்பதாகக் கூறப்பட்டது. அறுவைக்கு அவர் உடன்படவில்லை. மதுவும் முழங்கால் வலியும் சேர்ந்து வருத்த, மேலும் நான்கு பருவங்கள் ஆடினார். 1945 அக்டோபரில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் நிர்வாகம் தடையை மீறி ஒப்பந்தம் செய்தபோது, தேர்ந்தெடுக்கப்பட்டவர் தம்மைவிட இளையவரான ஜாக்கி ராபின்சன். 1947 ஜனவரி 20 அன்று, 35 வயதில், கிப்சன் மறைந்தார். ராபின்சன் மேஜர் லீக் களத்தில் இறங்கியது அவ்வாண்டு ஏப்ரல் 15 அன்று.

கிப்சன் பிட்ஸ்பர்க்கில் புதைக்கப்பட்ட இடத்தில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. 1972-இல் பேஸ்பால் புகழ் மன்றம் அவரை ஏற்றுக்கொண்டது. கல்லறையில் கல் நடப்பட்டதோ 1975-இல்.

1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக்குகளே என்று 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக எண்கள் சேர்க்கப்பட்டதும் ரசிகர்களிடையே வாதம் மூண்டது. கோப் 11,000 தடவைக்கு மேல் மட்டையெடுத்தவர். கிப்சனுக்குக் கணக்கில் உள்ளது அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. இருவரையும் எப்படி ஒப்பிடுவது என்றனர் சிலர். எண்ணளவில் அது பொய்யன்று. ஆனால் கோப் தம் லீக் ஆட்டங்களில் ஒரு கறுப்பினப் பந்துவீச்சாளரைக்கூட எதிர்கொள்ள வேண்டியிருந்ததில்லை என்பதை வைத்து அவர் சராசரியில் யாரும் கழித்துக்கொள்வதில்லை. கிப்சனின் புகழ் மன்றப் பட்டயம் ஏறக்குறைய 800 ஹோம் ரன்கள் என்கிறது. அதிகாரபூர்வப் பதிவேட்டில் ஏறியவை 200-க்கும் குறைவு. மீதமுள்ளவை சிற்றூர்த் திடல்களில், லீக் அல்லாத ஆட்டங்களில், எவரும் முறையாகக் குறித்துவைக்காத மாலைகளில் அடிக்கப்பட்டவை.