கடல் கடந்து கல்லூரி கண்ட கல்யாண் பெண்

சென்னையிலிருந்து பம்பாய்க்கு ரயிலில் வரும் தமிழர்களுக்குக் கல்யாண் ஜங்ஷன் தெரியாமல் இராது. மூட்டை முடிச்சுகளை எடுத்துக் கதவருகே வைக்கத் தொடங்கும் இடம் அது. தாதருக்கும் தானாவுக்கும் தினமும் வேலைக்குப் போய் வரும் நம்மவர் குடும்பங்கள் பல அங்கேயே குடியிருக்கின்றன. அந்தக் கல்யாணில் வளர்ந்த ஒரு பெண், நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, பதினெட்டு வயதில் கணவர் துணையின்றிக் கப்பலேறி அமெரிக்கா போய் டாக்டர் பட்டம் பெற்று வந்தார். அவர்தான் ஆனந்திபாய் ஜோஷி.

பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, அங்கே மற்றவர்களோடு ஒத்துப் போவானா, அவளுடைய பாஷையையும் உடையையும் பார்த்துச் சிரிப்பார்களா என்றெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஜூன் மாதத்தில் கவலைப்படுகிறோம். அந்தக் கவலையை இந்த அம்மையார் எப்படி எதிர்கொண்டார் என்பதை நாம் அறிந்து கொள்வது நல்லது.

தபால் குமாஸ்தாவின் மனைவி

ஆனந்திபாய் பிறந்தது 1865 மார்ச் 31ந் தேதி. பெற்றோர் வைத்த பெயர் யமுனா. ஒரு காலத்தில் நிலபுலன்களோடு செல்வாக்காக வாழ்ந்து நொடித்துப் போன பிராமணக் குடும்பம். அக்கால வழக்கப்படி ஒன்பது வயதில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கோபால்ராவ் ஜோஷி தபால் இலாகாவில் குமாஸ்தா. மனைவியை இழந்தவர். பெண்ணை விட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். யமுனா என்ற பெயரை மாற்றி ஆனந்தி என்று வைத்தவரும் அவரே.

கோபால்ராவ் ஒரு விசித்திரமான மனிதர். பெண்ணுக்குப் படிப்புச் சொல்லித் தருவேன், அதற்குத் தடை சொல்லக் கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் தாலி கட்டினார். மற்ற வீடுகளில் புத்தகத்தைத் தொட்டதற்காக மருமகளுக்கு அடி விழுந்த காலத்தில், இந்த வீட்டில் புத்தகத்தைத் தொடாததற்காக அடி விழுந்தது. பின்னாளில் ஆனந்தியே கணவருக்கு எழுதிய கடிதத்தில் அந்த அடிகளை நினைவுபடுத்தியிருக்கிறார். அவரைப் படிக்க வைத்த கையும் அடித்த கையும் ஒன்றுதான். இதை மறைத்து அவர் வரலாற்றைச் சொல்வது நியாயமாகாது.

இலாகா உத்தியோகம் என்றால் மாற்றலுக்குக் குறைவில்லை. அலிபாக், கோல்ஹாப்பூர், பம்பாய், கட்ச் தேசத்துப் பூஜ், பிறகு கல்கத்தா என்று ஊர் ஊராகக் குடும்பம் பெயர்ந்தது. பம்பாயில் ஆனந்தி ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனார். கையில் புத்தகத்தோடு ஒரு பிராமணப் பெண் தெருவில் நடப்பதைப் பார்த்து ஜனங்கள் கேலி பேசினார்கள். பூட்சும் காலுறையும் அணிந்து கணவரோடு நடந்து போனபோது கல்கத்தாப் பக்கத்திலும் அதே கதைதான். ஊரார் பார்வையில் தனித்துத் தெரிவது என்றால் என்ன என்பதை அமெரிக்கா போவதற்கு முன்பே அவர் சொந்த நாட்டில் அனுபவித்து விட்டார்.

பதினான்கு வயது நிறைவதற்குள் ஆனந்திக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பத்தே நாட்களில் இறந்து விட்டது. தக்க வைத்தியம் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கும் என்ற எண்ணம் அந்தச் சிறு பெண்ணின் மனதை விட்டு அகலவில்லை. ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டக் கூசி எத்தனையோ பெண்கள் நோயோடு மடிந்தார்கள். பெண்ணுக்கு வைத்தியம் பார்க்கப் பெண்ணே டாக்டராக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

பல் வைத்தியர் வீட்டில் படித்த கடிதம்

1878ல் கோல்ஹாப்பூரில் இருந்தபோது, மனைவியை அமெரிக்காவில் படிக்க வைக்க உதவி கேட்டு ஒரு பாதிரியாருக்குக் கோபால்ராவ் கடிதம் எழுதினார். கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தால் பார்க்கலாம் என்ற தோரணையில் பதில் வந்தது. தம்பதிகள் அதற்கு இசையவில்லை. ஆனால் அந்தக் கடிதப் போக்குவரத்து அமெரிக்காவில் ஒரு மிஷன் பத்திரிகையில் அச்சாகி விட்டது.

நியூஜெர்ஸி மாநிலத்தில் ரோசல் என்ற ஊரில் தியோடிசியா கார்ப்பென்டர் என்ற குடும்பப் பெண்மணி இருந்தார். பல் வைத்தியரைப் பார்க்கப் போய்க் காத்திருந்த நேரத்தில் அந்தப் பத்திரிகை அவர் கண்ணில் பட்டது. கண் காணாத தேசத்துப் பெண் ஒருத்தி படிக்கத் துடிக்கிறாள் என்பது அவர் மனதைத் தொட்டது. 1880ல் கடிதம் எழுதினார். ஆனந்தி பதில் எழுதினார். பண்டிகை, சமையல், குழந்தை மணம், மதம் என்று எல்லாவற்றையும் பற்றி இருவரும் எழுதிக் கொண்டார்கள். விரைவிலேயே ஆனந்தி அவரைச் சித்தி முறை சொல்லி எழுதும் அளவுக்கு உறவு வளர்ந்தது. முகம் பார்ப்பதற்கு மூன்று வருஷம் முன்பே, போகும் ஊரில் அவருக்கு ஒரு வீடு கிடைத்து விட்டது.

இந்தியாவில் கல்லூரி இல்லையா?

ஊரார் கேட்ட முதல் கேள்வி இதுதான். 1883 பிப்ரவரி 24ந் தேதி, வங்காளத்துச் செராம்பூர் கல்லூரி மண்டபத்தில் திரண்டிருந்தவர்கள் முன்பு பதினெட்டு வயது கூட நிரம்பாத ஆனந்தி எழுந்து நின்று ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

அப்போது நிலைமை என்ன? கல்கத்தாவிலும் பம்பாயிலும் மருத்துவக் கல்லூரிக் கதவு பெண்களுக்கு இன்னும் திறக்கவில்லை. நமது சென்னை மருத்துவக் கல்லூரி மட்டும் 1875லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக் கொண்டு வழி காட்டியிருந்தது. ஆனந்தி சென்னையை மறக்கவில்லை. தம் பேச்சிலேயே அதைக் குறிப்பிட்டார். ஆனால் இந்தியாவில் பெண்களுக்குக் கிடைக்கும் வைத்தியப் படிப்பு அரைகுறையானது, ஆண் ஆசிரியர்கள் பழமைப் பிடிப்பும் ஓரளவு பொறாமையும் உள்ளவர்கள் என்பது அவர் கருத்து. தவிர, தெருவில் நடந்தாலே ஏளனம் செய்யும் ஊரில் தினமும் கல்லூரிக்குப் போய் வருவது எப்படி என்றும் கேட்டார். பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல், நிம்மதியாக உட்கார்ந்து முழுப் படிப்பும் படிக்க முடியுமா என்று பார்த்தே அவர் இடம் தேடினார்.

ஏன் தனியே போகிறாய் என்பது அடுத்த கேள்வி. கணவரும் உடன் வந்தால் சம்பளம் நின்று விடும், அதை நம்பி ஊரில் தாயாரும் தம்பி தங்கைகளும் இருக்கிறார்கள், இருவருக்குக் கப்பல் கட்டணம் கட்டவும் வசதி இல்லை என்று வீட்டுக் கணக்கை ஒளிக்காமல் எடுத்து வைத்தார். மணியார்டர் அனுப்பும் குடும்பஸ்தர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

கடல் கடந்தால் ஜாதியை விட்டுத் தள்ள மாட்டார்களா என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் சபையையே வாயடைக்க வைத்தது. இங்கே எப்படி உண்கிறேனோ உடுக்கிறேனோ அப்படியே அங்கேயும் இருப்பேன், இந்துவாகப் போய் இந்துவாகவே திரும்பி வருவேன், பிறகு எதற்காகத் தள்ள வேண்டும் என்று கேட்டார். அந்த வாக்கை அவர் கடைசி வரை காப்பாற்றினார். அதற்குக் கொடுத்த விலையும் சிறிதல்ல.

பிலடெல்பியாவில்

நகைகளை விற்ற பணமும் நல்லவர்கள் தந்த உதவியும் சேர்ந்து பயணச் செலவாயிற்று. 1883 ஏப்ரல் 7ந் தேதி கல்கத்தாவில் கப்பலேறினார். ஏறக்குறைய இரண்டு மாதப் பயணத்துக்குப் பின் ஜூன் 4ந் தேதி நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். கார்ப்பென்டர் அம்மையார் எதிர்கொண்டு அழைத்துப் போனார். அந்தக் கோடை முழுவதும் ரோசல் வீட்டில் பெண் போலத் தங்கினார். மராத்தி சமையல் செய்து அவர்களுக்குப் பரிமாறினார். அவர்கள் ஊர் வழக்கங்களைக் கற்றுக் கொண்டார். கல்லூரி வாசலை மிதிக்குமுன் அந்த நாட்டோடு பழகிக் கொள்ள இந்த மூன்று மாதம் பேருதவியாக இருந்தது.

பிலடெல்பியா நகரில் 1850ல் தொடங்கப்பட்டது பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரி. பெண்களுக்கென்றே உலகில் தோன்றிய முதல் மருத்துவக் கல்லூரிகளில் அது ஒன்று. மருத்துவத் தொழில் செய்த ஓர் அமெரிக்கத் தம்பதிகள் கல்கத்தாவிலேயே இந்தக் கல்லூரியை அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனந்தி விண்ணப்பம் எழுதினார். அதில் தமது படிப்பைப் பெரிதாக்கிக் காட்டவில்லை. கல்லூரி கேட்கும் தகுதிகள் சில தம்மிடம் இல்லை என்று ஒப்புக் கொண்டு, ஆண் டாக்டரிடம் போவதை விடச் சாவதே மேல் என்று நினைக்கும் இந்தியப் பெண்களுக்கு உதவவே படிக்க வருவதாக எழுதினார். கல்லூரித் தலைவி ரேச்சல் பாட்லி அந்த உண்மைக்கு மதிப்பளித்தார். இடமும் கிடைத்தது, மூன்று வருஷத்துக்கு 600 டாலர் உதவித் தொகையும் கிடைத்தது.

இனித்தான் சோதனை. வகுப்பில் எல்லோரும் கவுன் அணிந்தவர்கள். இவர் ஒருவர் சேலை, நெற்றியில் குங்குமம். மற்றவர்கள் மாமிசம் உண்பவர்கள். இவர் தமக்கு வேண்டியதைத் தாமே சமைத்துக் கொண்டார். மதம் மாறச் சொல்லி அன்போடு வற்புறுத்தியவர்களும் உண்டு. யாரிடமும் சண்டை பிடிக்காமல் தம் வழியில் நின்றார்.

அதற்காக அவர் வெறும் பிடிவாதக்காரரும் அல்ல. மகாராஷ்டிரப் பாணியில் கச்சம் வைத்துக் கட்டும் ஒன்பது கஜச் சேலையில் முழங்காலுக்குக் கீழே குளிர் தாக்கும். ஆகவே குஜராத்திப் பெண்களைப் போலக் கால் வரை மறையும்படி சேலை கட்டிக் கொண்டார். சேலையை விடவில்லை, கட்டும் முறையை மாற்றினார். எதை விட்டுக் கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது.

ஆனால் அமெரிக்கக் குளிர் யாருடைய கணக்குக்கும் கட்டுப்படவில்லை. அவர் தங்கிய அறையில் கணப்பு அடுப்பு சரியில்லை. மூட்டினால் அறை முழுவதும் புகை, மூட்டாவிட்டால் நடுக்கம். போதிய ஆகாரமும் இல்லை. ஏற்கெனவே தலைவலியும் காய்ச்சலுமாக இருந்த உடம்பு மேலும் நலிந்தது. ஊரிலிருந்து கணவர் எழுதிய கடிதங்களோ சில சமயம் சந்தேகமும் கடுமையுமாக வந்தன. படிப்பு, குளிர், தனிமை இத்தனையோடு அதற்கும் பதில் எழுத வேண்டியிருந்தது.

அவரை வகுப்புத் தோழிகள் ஒதுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தூர தேசத்துப் பெண்களுக்கு இடம் கொடுத்து வந்த கல்லூரி அது. ஜப்பானிலிருந்து கெய் ஒக்காமி, சிரியாவிலிருந்து சபாத் இஸ்லாம்பூலி என்ற இருவர் அங்கே படித்தார்கள். 1885ல் மூவரும் அவரவர் நாட்டு உடையில் சேர்ந்து எடுத்துக் கொண்ட புகைப்படம் இன்றும் உலகம் முழுவதும் அறியப்பட்டது. நடுங்கிக் கொண்டே வந்தவர்கள்தான் மூவரும். படத்தில் ஒருவர் முகத்திலும் வெட்கம் இல்லை.

பட்டமும் முடிவும்

1886 மார்ச் 11ந் தேதி ஆனந்திபாய் எம்.டி. பட்டம் பெற்றார். பண்டைய இந்துக்களின் பிரசவ மருத்துவம் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். கோபால்ராவும் அமெரிக்கா வந்து விழாவில் இருந்தார். உறவினரான பண்டித ரமாபாய் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தார். விக்டோரியா மகாராணியிடமிருந்து வாழ்த்தும் வந்தது. கோல்ஹாப்பூர் சமஸ்தானம் ஆல்பர்ட் எட்வர்ட் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்குப் பொறுப்பு டாக்டராக அவரை நியமித்தது. கோபால்ராவ் முன்பு உதவி கேட்டுக் கடிதம் எழுதிய அதே கோல்ஹாப்பூர்.

அந்த வேலையில் அவர் ஒரு நாள் கூட அமரவில்லை. க்ஷயரோகம் பற்றியிருந்தது. 1886 நவம்பரில் பம்பாய் திரும்பினார். ஜாதியை விட்டுத் தள்ளுவார்கள் என்று பயந்ததற்கு மாறாக, அவரைக் காண ஜனங்கள் திரண்டார்கள். மருந்து எதுவும் பலிக்கவில்லை. 1887 பிப்ரவரி 26ந் தேதி பூனாவில் ஆனந்திபாய் காலமானார். இருபத்திரண்டு வயது நிறைய ஒரு மாதம் பாக்கி.

அவரது அஸ்தி கார்ப்பென்டர் அம்மையாருக்கு அனுப்பப்பட்டது. நியூயார்க் மாநிலத்துப் போக்கிப்சி நகரில் தம் குடும்பத்தாரின் கல்லறைகளுக்கு நடுவே அதை அவர் அடக்கம் செய்தார். அந்தக் கல் இன்றும் இருக்கிறது. வேற்று ஜாதி, வேற்று மதம், வேற்று நிறம் கொண்ட ஒரு பெண்ணுக்கு ஓர் அமெரிக்கக் குடும்பம் தன் மண்ணிலேயே இடம் கொடுத்தது.

ஒரு நோயாளிக்குக் கூட இந்தியாவில் முறையாக வைத்தியம் பார்க்காமல் மறைந்தவரை நினைப்பது எதற்கு என்று கேட்கலாம். அவருக்குப் பின் இந்தியப் பெண்கள் நூற்றுக்கணக்கில் அந்தப் படிப்புக்கு வந்தார்கள். 1912ல் சென்னையில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியும் அவர்களில் ஒருவர். முடியுமா என்ற கேள்வி அதற்குள் பழசாகி விட்டிருந்தது.

வெளியூர்க் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் இவர் கதையில் இரண்டை மனதில் கொள்ளலாம். போகும் இடத்தில் உடையும் உணவும் பாஷையும் வேறு என்பதற்காக நல்ல கல்லூரியைக் கைவிட வேண்டியதில்லை. தன்னை மாற்றிக் கொள்ளாமலே மதிப்புப் பெற முடியும் என்று ஆனந்திபாய் காட்டி விட்டார். ஆனால் பிள்ளை வேளைக்குச் சாப்பிடுகிறதா, தங்கும் அறையில் காற்றும் கதகதப்பும் உண்டா, ஊரிலிருந்து போகும் கடிதம் தெம்பு தருகிறதா என்று கவனிக்க வேண்டியது வீட்டார் கடமை. அந்தக் கவனிப்பு மட்டும் கிடைத்திருந்தால், கோல்ஹாப்பூர் ஆஸ்பத்திரியில் அந்த நாற்காலி காலியாக இருந்திராது.