மார்லன் ரிக்ஸ்: சிரிப்பொலியை விசாரித்த கலைஞர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மேடைகளில் ஒரு வேடிக்கை பெரும்புகழ் பெற்றிருந்தது. வெள்ளை நடிகர்கள் எரித்த தக்கையின் கரியை முகத்தில் அப்பிக்கொண்டு, கறுப்பரைப்போல் நடந்தும் பேசியும் பாடியும் காட்டுவர். அரங்கம் வயிறு குலுங்கச் சிரிக்கும். 'மின்ஸ்ட்ரல்' என்று பெயர்பெற்ற அக்கூத்து, 1865இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்த பின்னரும் ஒழியவில்லை. திரைப்படத்துக்கும் வானொலிக்கும் பின்னர் தொலைக்காட்சிக்கும் வேடம் மாற்றிக்கொண்டு குடிபெயர்ந்தது. அந்தச் சிரிப்பின் வரலாற்றைத் தோண்டி எடுத்தவர்களுள் முதன்மையானவர் ஆவணப்பட இயக்குநர் மார்லன் ரிக்ஸ். தோண்டியதோடு அவர் நிற்கவில்லை. அதே சிரிப்பு, கறுப்பர்களாலேயே, தம்மைப் போன்ற தன்பாலீர்ப்புக் கறுப்பர்மீது ஏவப்படுவதையும் எடுத்துக் காட்டினார். முதல் பணிக்கு விருதுகள் வந்தன. இரண்டாம் பணிக்கு வந்தவை வேறு.

1957 பிப்ரவரி 3ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் இராணுவத்தின் குடிசார் பணியில் இருந்தமையால் இளமை ஓரிடத்தில் கழியவில்லை. டெக்சாஸ், ஜார்ஜியா, பின்னர் மேற்கு ஜெர்மனி என ஊர்கள் மாறின. ஜார்ஜியாவின் பள்ளி நாள்கள் அவர் நெஞ்சில் ஆறாத வடுவாயின. வெள்ளைச் சிறுவர்கள் நிறத்தைச் சொல்லி ஏசினர். கறுப்புச் சிறுவர்களோ அவர் நடையையும் பேச்சையும் சொல்லி ஏசினர். இரு பக்கத்து ஏச்சுக்கும் நடுவில் வாய்மூடி நடக்கப் பழகிய அச்சிறுவனை நாம் பின்னாளில் அவருடைய திரைப்படத்தில் காண்கிறோம். அங்கே ஏசும் வாய்கள் மட்டும் திரையை நிறைத்து மிக அண்மையில் தோன்றும், முகங்கள் இல்லை.

1974இல் தாயகம் திரும்பி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றார். தம் இயல்பைத் தாமே உணர்ந்து ஏற்றுக்கொண்ட காலம் அதுவே. ஆனால் அதைப் படித்தறிய அங்கே பாடம் எதுவும் இல்லை. அமெரிக்கக் கதையிலும் கவிதையிலும் தன்பாலீர்ப்பு இடம்பெற்ற வரலாற்றைத் தனிப் படிப்பாகப் பயில இசைவு கேட்டுப் பெற்றார். பாடத்திட்டத்தில் இல்லாததைக் கேட்டு வாங்கும் அந்தப் பழக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை என்றே சொல்லலாம். 1978இல் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்று, டெக்சாசில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் சில காலம் பணியாற்றினார். அங்கு நிலவிய நிறவேற்றுமை அவரைச் சலிப்புறச் செய்தது. கலிபோர்னியாவுக்குச் சென்று பெர்க்கிலியில் இதழியல் பயின்றார். ஓக்லண்டு நகரத்து 'ப்ளூஸ்' இசையைப் பற்றிய ஆவணப்படமே அவருடைய பட்டப் படைப்பு. 1981இல் முதுகலைப் பட்டம் பெற்றவர், சில ஆண்டுகளில் அதே துறையில் ஆசிரியரும் ஆனார்.

1987இல் 'எத்னிக் நோஷன்ஸ்' என்னும் படம் வெளிவந்தது. பெர்க்கிலியில் பெண்மணி ஒருவர் பல்லாண்டு சேர்த்துவைத்திருந்த கறுப்பர் கேலிப் பொருள்களே அப்படத்துக்கு வித்து. உப்புச்சாடி, சாம்பற்கிண்ணம், சவர்க்கார உறை, அஞ்சலட்டை, குழந்தைகளின் பொம்மை எனச் சமையலறையிலும் கூடத்திலும் புழங்கிய எளிய பண்டங்கள் அவை. அவற்றில் தடித்த உதடும் உருளும் விழியுமாகக் கறுப்பர் முகம் சிரித்துக்கொண்டிருக்கும். ரிக்ஸ் அப்பொருள்களை வரிசைப்படுத்திக் கேட்ட வினா எளியது: எந்தக் காலத்தில் எந்த முகம் விற்றது, ஏன்?

அடிமைமுறை நிலவியபோது விற்ற முகம் 'சாம்போ'. கவலையறியாது ஆடிப்பாடும், வளர்ந்தும் வளராத பிள்ளை. இவனுக்கு எசமானன் வேண்டும் என்பதே அம்முகம் சொல்லும் செய்தி. அவனுக்குத் துணையாக, தன் பிள்ளைகளை மறந்து எசமானன் பிள்ளைகளை வளர்க்கும் 'மாமி' என்னும் பருத்த செவிலி. விடுதலைக்குப் பின் திடீரென வேறொரு முகம் தோன்றுகிறது. பற்களைக் கடித்துக்கொண்டு வெள்ளைப் பெண்ணைத் தேடி அலையும் முரடன். நேற்றுவரை பிள்ளையாக இருந்தவன் ஒரே தலைமுறையில் விலங்கானது எப்படி? மனிதர் மாறவில்லை, அவர்களை அடக்கிவைக்கச் சொல்லவேண்டிய காரணம் மாறியது. இதை உரத்த குரலில் பழிக்காமல், அறிஞர்களின் விளக்கத்தோடும் பழைய பாடல்களோடும் அமைதியாக அடுக்கிக் காட்டியமையே படத்தின் வன்மை. அதற்குத் தொலைக்காட்சித் துறையின் உயரிய விருதான எம்மி கிடைத்தது. அமெரிக்க வகுப்பறைகளில் அது பாடமாயிற்று.

இத்துடன் நின்றிருந்தால் ரிக்ஸ் எல்லார்க்கும் இனியவராக இருந்திருப்பார். 1988 இறுதியில் ஜெர்மனி சென்றிருந்தபோது அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. மருத்துவமனையில் கிடந்த நாள்களில், எச்.ஐ.வி. கிருமி தம் உடலில் இருப்பதையும் அறிந்தார். அன்றைக்கு அச்செய்தி ஏறத்தாழ மரணத் தீர்ப்பே. இன்றுள்ள கூட்டு மருந்துகள் 1996ஐ ஒட்டியே வந்தன. எஞ்சியிருக்கும் காலத்தில் எதைச் சொல்லாமல் போகக்கூடாது என்னும் கேள்வி அவர்முன் நின்றது. அதற்கு விடையாக 1989இல் பிறந்ததே 'டங்ஸ் அன்டைட்' - கட்டவிழ்ந்த நாவுகள்.

அது ஆவணப்படமா, கவிதையா, நாட்டியமா என்று பிரித்துச் சொல்வது கடினம். கவிஞர் எசெக்ஸ் ஹெம்ஃபில் முதலியோரின் கவிதைகள் குரல்மேல் குரலாக ஒலிக்கின்றன. இதயத்துடிப்பு தாளமாகிறது. ரிக்ஸ் ஆடையின்றி இருளில் ஆடுகிறார். தன்பாலீர்ப்பினரின் தலைநகரம் எனப் புகழ்பெற்ற சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ வட்டாரத்துக்குப் புகலிடம் தேடிச் சென்றவர், அங்குள்ள கடைகளிலும் இதழ்களிலும் தம் நிறத்தவரைத் தேடுகிறார். கிடைப்பவை கட்டுடல் காட்டும் உருவங்களும் பழைய கேலிச்சித்திரங்களுமே. 'எத்னிக் நோஷன்ஸ்' படத்தில் அருங்காட்சிப் பொருளாய்க் கண்டவை இங்கே இச்சைப் பொருளாய் விற்பனைக்கு இருக்கின்றன. வீட்டில் இயல்புக்காகவும் புகலிடத்தில் நிறத்துக்காகவும் அந்நியராக்கப்பட்டோரின் அவலம் இக்காட்சியில் போல் வேறெங்கும் அத்தனை சுருக்கமாகச் சொல்லப்படவில்லை.

அப்படத்தில் இன்னொரு பகுதி பலரை நெளியச்செய்தது. நகைச்சுவை நடிகர் எடி மர்ஃபியின் மேடைநிகழ்ச்சி ஒன்றிலிருந்தும், ஸ்பைக் லீயின் 'ஸ்கூல் டேஸ்' படத்திலிருந்தும் துண்டுகளை எடுத்துக் கோத்திருந்தார். இருவரும் கறுப்பினத்தின் பெருமைக்குரிய கலைஞர்கள். வெள்ளையர் திரையில் கறுப்பனைக் கண்ணியமாக நிறுத்தப் போராடிய தலைமுறையினர். அவர்கள் படைப்பில் தன்பாலீர்ப்பினன் ஒருவன் மட்டும் சிரிப்புக்கும் அருவருப்புக்கும் உரியவனாக நிற்பானேன்? சொந்த வீட்டுக்காரரை நோக்கிக் கேட்ட கேள்வி இது. வெளியாரை நோக்கிக் கேட்பது எளிது.

இதற்கான விளக்கத்தை 1991இல் எழுதிய ஒரு கட்டுரையில் விரிவாகத் தந்தார். கறுப்பு ஆண்மை என்னும் கருத்தைப் பற்றிய அக்கட்டுரை அவருடைய படங்களுக்கு நிகராக இன்றும் படிக்கப்படுகிறது. அதன் வாதத்தைச் சுருக்கினால் இவ்வாறு அமையும்: அடிமைமுறை கறுப்பு ஆணின் ஆண்மையைப் பறித்தது, விடுதலை இயக்கமோ அதனை மீட்டெடுக்கும் ஆவேசத்தில் இறுகிய, அழாத, ஆளும் ஆண் ஒருவனை வார்த்தெடுத்தது. 1968இல் எல்ட்ரிட்ஜ் கிளீவர் தம் நூலில் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினை அவருடைய இயல்பின் பொருட்டு இழித்துரைத்தமை இம்மனநிலைக்கு ஓர் எடுத்துக்காட்டு. அந்த ஆண் தன்னை ஆண் என்று மெய்ப்பிக்க, ஆணல்லாத ஒருவன் அருகில் நின்றாகவேண்டும். அந்த வேடத்துக்கு இழுத்து வரப்பட்டவனே தன்பாலீர்ப்புக் கறுப்பன். சாம்போ வெள்ளையனுக்கு எதைச் செய்துகொடுத்தானோ அதையே இவன் கறுப்பு ஆணுக்குச் செய்துகொடுக்கிறான் என்பது ரிக்சின் துணிபு. கரி பூசாத மின்ஸ்ட்ரல் அது.

அன்றைய சான்றும் கண்முன் இருந்தது. 1990இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'இன் லிவிங் கலர்' என்னும் நகைச்சுவை நிகழ்ச்சியில் இரு கறுப்பு நடிகர்கள், கைகளை நெளித்தும் விரல்களைச் சொடுக்கியும் திரைப்பட விமர்சகர்களாகத் தோன்றினர். நாடே சிரித்தது. தன்பாலீர்ப்பினர் சிலரும் கூடச் சிரித்தனர். ஒன்றுமில்லாத இடத்தில் இதுவாவது இருக்கிறதே என்ற நிறைவு அவர்களுக்கு. ரிக்சுக்கு அந்தச் சொடுக்கே வலித்தது. கறுப்புப் பெண்களிடமும் தம் நண்பர் வட்டத்திலும் விரற்சொடுக்கு என்பது எதிர்ப்பு, கிண்டல், தோழமை என நூறு பொருள் தரும் ஒரு மொழி. தம் படத்திலும் அதன் இலக்கணத்தைக் குறும்போடு கற்பித்திருந்தார். அது பொருள் உதிர்ந்து வெறும் கோமாளிச் சைகையாகத் தொலைக்காட்சியிலிருந்து திரும்பி வந்தது. நையாண்டிக்கும் இழிவுக்கும் இடையே உள்ள கோடு எங்கே என்பதில் அவரோடு எல்லாரும் உடன்படவேண்டியதில்லை. ஆனால் கோடு ஒன்று உண்டு என்பதை மறுப்பார் இலர்.

'டங்ஸ் அன்டைட்' பெர்லின் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. 1991 ஜூலையில் அதனை அமெரிக்கப் பொது ஒளிபரப்பு தன் 'பி.ஓ.வி.' வரிசையில் ஒளிபரப்ப முன்வந்தபோது பெரும்புயல் கிளம்பிற்று. நிலையங்கள் பல ஒளிபரப்ப மறுத்தன. தேசியக் கலைநிதியத்தின் வழியாக அப்படத்துக்கு வந்த உதவி 5,000 டாலர். அந்தச் சிறு தொகையைப் பற்றிக்கொண்டு, வரிப்பணத்தில் ஆபாசமா என்று செனட்டர் ஜெசி ஹெல்ம்ஸ் முதலிய பழமைவாதிகள் முழங்கினர். 1992இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் ஜார்ஜ் புஷ்ஷை எதிர்த்த பேட்ரிக் புக்கனன், அப்படத்தின் துண்டொன்றை இயக்குநரின் இசைவின்றி எடுத்துத் தம் தேர்தல் விளம்பரத்தில் காட்டினார். ஏச்சுக்கு அஞ்சி வாய்மூடி நடந்த அதே ஜார்ஜியாவில்தான் அவ்விளம்பரம் ஓடிற்று. ரிக்ஸ் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் மறுப்பு எழுதினார். நான்காண்டுகளுக்கு முன் ஒரு கறுப்புக் குற்றவாளியின் முகத்தைக் காட்டி வாக்குச் சேர்த்த அரசியல், இப்போது தம் போன்றோரைக் காட்டி அச்சமூட்டுகிறது என்பதே அதன் சாரம். கேலிச்சித்திரத்தின் வரலாற்றை எழுதியவரே அதன் புதிய பதிப்பில் முகமாக்கப்பட்டார்.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. கறுப்பு ஆண்கள் ஒருவரையொருவர் நேசிப்பதைப் புரட்சியென அறிவித்து முடியும் படத்தை எடுத்தவரின் வாழ்க்கைத் துணை ஒரு வெள்ளையர். இம்முரணைத் தன்பாலீர்ப்புக் கறுப்பர்களே சுட்டிக் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆயினும், பள்ளிக்காலத் தனிமையில் தம்மிடம் அன்பு காட்டிய வெள்ளைச் சிறுவன் ஒருவனையும், அந்த அன்பு தந்த நலத்தையும் கேட்டையும் அவர் அதே படத்தில் ஒளிக்காமல் சொல்லியிருப்பதை அவ்வாறு கேட்டோர் போதிய அளவு கருதவில்லை.

நோய் முற்றியது, வேகம் குறையவில்லை. தொலைக்காட்சித் தொடர்களில் கறுப்புக் குடும்பங்கள் காட்டப்பட்ட விதத்தை ஐம்பதுகளின் 'ஏமஸ் அண்டு ஆண்டி' முதல் எண்பதுகளின் 'காஸ்பி ஷோ' வரை ஆராயும் 'கலர் அட்ஜஸ்ட்மெண்ட்', பீபாடி விருது பெற்றது. இழிந்த முகத்துக்கு மாற்றாகக் குறையே இல்லாத முகத்தைக் காட்டினால் போதுமா என்பது அதன் கேள்வி. எச்.ஐ.வி.யோடு வாழும் கறுப்பு ஆண்கள் ஐவரைப் பற்றி 1992இல் ஒரு குறும்படமும் எடுத்தார்.

கடைசிப் படம் 'பிளாக் இஸ்... பிளாக் எய்ன்ட்'. கறுப்பன் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று வகுக்கும் உரிமை யாருக்கு என்பதே அதன் பொருள். தம் பாட்டி சமைக்கும் 'கம்போ' என்னும் கூட்டுக் குழம்பை அவர் உவமையாக எடுத்துக்கொண்டார். நண்டும் இறாலும் இறைச்சியும் ஒரே சட்டியில் வெந்தும் தத்தம் சுவையை இழக்காத குழம்பு அது. ஏஞ்சலா டேவிஸ், பெல் ஹூக்ஸ் முதலியோர் அதில் பேசுகின்றனர். இடையிடையே மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி ரிக்சே பேசுகிறார். உடல் மெலிந்துகொண்டே வருவதை ஒளிக்காமல் பதிவுசெய்யச் சொன்னார். படம் முடியுமுன் 1994 ஏப்ரல் 5ஆம் நாள் ஓக்லண்டில் உள்ள தம் இல்லத்தில் காலமானார். வயது 37.

எஞ்சிய பணியை அவருடைய குறிப்புகளைக் கொண்டு உடன் உழைத்தோர் முடித்தனர். 1995இல் சண்டான்ஸ் விழாவில் அப்படம் விருது பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் எசெக்ஸ் ஹெம்ஃபிலும் அதே நோயால் மறைந்தார். எடி மர்ஃபி 1996இல் தம் பழைய பேச்சுகளுக்காக வருத்தம் தெரிவித்தார். நிலையங்கள் பல காட்ட மறுத்த 'டங்ஸ் அன்டைட்', 2022இல் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில், நாடு பாதுகாக்கவேண்டிய படங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.