ஓவியத் துறவி ஹகுயின்

ஜப்பான் நாட்டில் பூஜி மலையின் அடிவாரத்தில், எடோ நகரையும் கியோட்டோ நகரையும் இணைத்த பெருவழியில், ஹாரா என்னும் சிற்றூர் இருந்தது. அவ்வூரில் 1686ஆம் ஆண்டில் ஹகுயின் பிறந்தார்.

சிறுவராயிருந்தபோது, ஒரு துறவி நரகத்தின் கொடுமைகளை விரித்துரைக்கக் கேட்டு அவர் நடுநடுங்கினார். பின்னர், வெந்நீர் காய்ச்சும் அடுப்பில் விறகு எரியும் ஓசை கேட்டாலும் நரகத் தீயே அவர் நினைவுக்கு வந்தது. இவ்வச்சத்தினின்றும் விடுபட விரும்பி, பதினைந்து வயது நிரம்புமுன் ஷோயின்ஜி என்னும் கோயிலில் துறவு பூண்டார்.

1708ஆம் ஆண்டில் ஒருநாள், இரவு பகலாகத் தியானத்தில் ஆழ்ந்திருந்த அவர் காதில் தொலைவிலிருந்து கோயில் மணியோசை விழுந்தது. அக்கணமே மெய்யறிவு வாய்த்துவிட்டதாக அவர் களிகூர்ந்தார். தமக்கு நிகரானவர் எவருமிலர் எனவும் செருக்குற்றார். ஆனால், ஷோஜு என்னும் முதியவர் அச்செருக்கைக் கடிந்து போக்கினார். கற்க வேண்டியது இன்னும் மிகுதி என்பதை ஹகுயின் உணர்ந்தார்.

உணவையும் உறக்கத்தையும் மறந்து முயன்றமையால் அவர் உடல் நலிந்தது. தலை கொதித்தது, கால்கள் பனிக்கட்டிபோற் குளிர்ந்தன, காதில் ஓயாத இரைச்சல் கேட்டது. அந்நிலையில் அவர் ஓர் எளிய பயிற்சியை மேற்கொண்டார். மூச்சையும் கருத்தையும் அடிவயிற்றில் நிறுத்துதல் ஒன்று. தலைமேல் வைத்த நறுவெண்ணெய் உருகி, உடல் முழுவதும் மெல்ல வழிந்து உள்ளங்கால்வரை இறங்குவதாக எண்ணுதல் மற்றொன்று. இவற்றால் அவர் நலம் பெற்றார். மலைக்குகையில் வாழ்ந்த முனிவர் ஒருவரிடம் இதனைக் கற்றதாகப் பிற்காலத்தில் அவரே எழுதினார்.

பின்னர்ப் பாழடைந்து கிடந்த ஷோயின்ஜி கோயிலுக்குத் திரும்பி, அங்கேயே தங்கினார். அவர் புகழ் பரவவே, மாணவர் பலர் நாடி வந்தனர். அமைதியான இடத்தில் அமர்ந்திருக்கும்போது மட்டுமன்றி, அன்றாட வேலைகளுக்கு நடுவிலும் மனம் சிதறாதிருத்தலே சிறந்த தியானம் என்று அவர் கற்பித்தார்.

எழுத்தறிவில்லாத எளியோருக்கு இதனை எவ்வாறு உணர்த்துவது? முதுமையில் அவர் தூரிகையை மிகுதியாகக் கையாண்டார். அவர் மீண்டும் மீண்டும் வரைந்த உருவம் போதிதருமர். தென்னிந்தியாவிலிருந்து சீனம் சென்று, ஒன்பதாண்டுகள் சுவரை நோக்கித் தியானத்தில் அமர்ந்தவர் என்று போற்றப்படுபவர் அவர். காஞ்சிபுரத்து அரசகுமாரர் என்பது நம் நாட்டில் வழங்கும் வரலாறு.

ஹகுயினின் ஓவியங்களில் நுட்பமான அணிவேலைகள் இல்லை. தடித்த கோடுகளும் அகன்ற கண்களுமே உள்ளன. அக்கண்கள் காண்போரை நேரே நோக்குகின்றன. அவற்றின்முன் சற்று நேரம் நிற்பவர், ஓடித் திரியும் தம் மனத்தையே திரும்பி நோக்குவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்களையும் எழுத்தோவியங்களையும் அவர் வரைந்து, துறவியர்க்கும் உழவர்க்கும் ஒப்பவே வழங்கினார்.

ஹகுயின் 1769ஆம் ஆண்டில் மறைந்தார். அடுப்புத் தீயைக் கண்டு அஞ்சிய சிறுவரே, பிறர் அச்சத்தைத் தணிக்கும் ஆசிரியராயினார். தம் மனத்தை விட்டு ஓடாமல், அதனை அமைதியுடன் உற்றுநோக்கக் கற்றதே அவ்வுயர்வுக்குக் காரணமாகும்.